குழாய்க்குள் என்ன இருக்கிறது?

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டெழுதியபோது, எழுதத்தக்க பொருள் யாதென்று சில நாள் தடுமாறினோம். கிரிக்கெற் வெற்றிகளைப் பற்றியும் விடுதிச்சாலைப் புட்டைப் பற்றியும் எழுத எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். எமக்குத் தெரிந்த தொழில் ஒன்றே. கனடா நாட்டின் அல்பேட்டா மாகாணத்தில், தொழிற்சாலைகளுக்கு இயற்கை வாயு செல்லும் குழாய்களிற் பாய்ச்சல்மானி பொருத்தும் வேலையை இருபத்தேழு ஆண்டு மேற்பார்த்து வந்தோம். வாயுமானி பொருத்துவதில் எழுதுவதற்கு என்ன உண்டென்று நகைப்பார் நகைக்க. அத்தொழிலில் ஒரு நாள் நாம் ஒரு பெரும் பிழை செய்யவிருந்தோம். ஒரு கேள்வி அதனைத் தடுத்தது. அக்கேள்வியை நாம் முதன்முதற் கேட்டது நம் கல்லூரி ஆய்கூடத்திலாதலின், இம்மலரில் அதற்கு இடமுண்டென்று துணிந்து எழுதுகின்றோம்.

இலங்கையில் இயற்கை வாயுக் குழாய்கள் இல்லை. மன்னார்ப் படுகையில் 2011ஆம் ஆண்டு துளையிட்டபோது வாயு கண்டறியப்பட்டதாயினும், அது இதுவரை வர்த்தக அளவில் எடுக்கப்படவில்லை. ஆதலின் நம் மாணவர் அறிந்த வாயு, அடுக்களையிற் சிலிண்டரில் அடைபட்டு நிற்கும் சமையல் வாயுவே. அது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்தது, காற்றினும் பாரமானது, கசிந்தால் நிலத்திலே தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தங்கும். இயற்கை வாயுவோ பெரும்பாலும் மெதேன். அதன் பாரம் காற்றின் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. கசிந்தால் மேலெழுந்து, கூரையின் கீழும் குழாயின் உயர்ந்த மூலைகளிலும் ஒதுங்கியிருக்கும். இயல்பில் அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் தேதி அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில் ஒரு பாடசாலையின் அடியிற் கசிந்து சேர்ந்த வாயு வெடித்து, பிள்ளைகளும் ஆசிரியருமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். வாயுவிற்குத் துர்நாற்றப் பொருள் சேர்க்க வேண்டுமென்ற சட்டம் அதன் பின்னரே அங்கு வந்தது.

இவ்வாயு காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போதே தீப்பற்றும். ஐந்துக்குக் குறைந்தால் எரிவதற்கு வாயு போதாது. பதினைந்துக்கு மேற்பட்டால் எரிப்பதற்கு ஒட்சிசன் போதாது. குழாய் முழுவதும் வாயுவாயிருப்பின் உள்ளே தீ பிடியாது. முழுவதும் காற்றாயிருப்பினும் பிடியாது. ஒன்று மற்றொன்றாக மாறும் அந்த இடைவேளையே கூற்றுவன் நிற்கும் இடம். மானி பொருத்துவோன் அவ்விடைவேளையை இருமுறை கடக்க வேண்டும்: வாயுவை வெளியேற்றும்போது ஒருமுறை, மீளப் புகுத்தும்போது ஒருமுறை. ஸ்பானர் பிடிப்பதும் போல்ட் முடுக்குவதும் எவர்க்கும் வரும். இவ்விரு கடத்தல்களே தொழில்.

1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இறுதி வாரம். முதற் பனி விழுந்துவிட்டது. கல்கரி நகருக்கு அணித்தாயிருந்த ஒரு செங்கற் தொழிற்சாலையில் புதிதாகச் சூளை ஒன்று கட்டியிருந்தனர். பழைய மானியின் கொள்ளளவு போதாமையால், அதனைக் கழற்றிவிட்டு நான்கு அங்குலக் குழாயிற் புதிய சுழல்மானி ஒன்றைப் பொருத்துவது எமது பணி. பழையதும் புதியதும் நீளத்தில் ஒவ்வாதன. ஆதலின் குழாயை அறுத்து ஒட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலையார் எமக்குத் தந்த நேரம் பன்னிரண்டு மணித்தியாலம். பழைய சூளை முற்றாக ஆறிப்போகுமாயின் நட்டம் பெரிது என்று அதன் முகாமையாளர் காலையிலிருந்தே எம் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

சுழல்மானி என்பது அழகியதொரு கருவி. எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் இரு சுழலிகள் ஒரு பெட்டிக்குள் ஒன்றையொன்று தொடாமற் சுழல்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த கனவளவு வாயுவை அள்ளி அப்பாற் செலுத்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியானா மாநிலத்துக் கொனர்ஸ்வில் ஊரில் றூற்ஸ் சகோதரர் இருவர் கண்ட ஊதுயந்திரத்தின் வழிவந்தது அது. சுழலிகளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையிலுள்ள வெளி தலைமயிரளவே. ஒட்டுவேலையிற் சிந்திய இரும்புப் பொறுக்கு ஒன்று உள்ளே போனாலும் சுழலி இறுகும். இறுகினால் வாயு நின்று சூளையின் சுவாலை அவியும். அதனாலேயே மானிக்கு முன்னால் வடியொன்று வைப்பர். வாயு மேலிருந்து கீழாகச் செல்லுமாறு மானியை வைப்பதும் நல்லது. தூசு இருந்தாலும் தானே விழுந்து போய்விடும்.

அம்மானி காட்டும் கனவளவு குழாயின் அமுக்கத்திலுள்ள கனவளவு. விற்பனைக் கணக்கோ 15 பாகை செல்சியசிலும் 101.325 கிலோபஸ்கால் அமுக்கத்திலும் உள்ள கனவளவைக் கேட்கும். இங்கேதான் வளைந்த கண்ணாடிக் குழாயில் இரசம் ஊற்றிப் படித்த போயிலின் விதி சோறு போட வருகிறது. கல்கரி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,045 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆங்கு வளியமுக்கம் 90 கிலோபஸ்காலுக்குச் சற்றுக் குறைவு. அமுக்கமானி 400 காட்டுமாயின் உண்மை அமுக்கம் ஏறக்குறைய 490. ஆகவே மானியிற் சென்ற ஒரு கனமீற்றர், விலைச்சீட்டில் ஏறத்தாழ 4.8 கனமீற்றராக ஏறும். வளியமுக்கத்தைக் கூட்ட மறந்த பொறியியலாளர் சிலரை நாம் அறிவோம். அவர் பெயர்களை எழுதோம். அப்பட்டியலில் எம் பெயரும் ஒருமுறை இருந்தது.

எம்முடன் அன்று வேலை செய்தவர்களில் மூத்தவர் உக்ரேனிய வழிவந்த ஒரு பிற்றர். பதினைந்து வயதிற் பள்ளியை விட்டவர், அறுபதை அணுகியவர், அதிகம் பேசார். வந்தவுடன் அவர் செய்த முதற் காரியம், தெருப்பக்கத்து வால்வை மூடி அதிலே தம் ஆமைப்பூட்டைப் போட்டுத் திறப்பைக் காற்சட்டைப் பையில் இட்டது. எம்மையும் எம் பூட்டைப் போடச் செய்தார். உதவியாளனையும் போடச் செய்தார். ஒருவன் திறப்பை மற்றவன் தொடலாகாது என்பது அங்கு வேதவாக்கு. மூடிய வால்வை மட்டும் நம்புவதும் அவர்க்கு வழக்கமன்று. குழாயிலிருந்த வாயுவைக் கூரைக்கு மேலாகத் திறந்தவெளிக்கு வெளியேற்றிய பின், வால்வை அடுத்த பிளாஞ்சுகளுக்கிடையே கண்ணில்லாத உருக்குத் தகடொன்றைச் செருகி இறுக்கினார். வால்வு கசியலாம், தகடு கசியாது. பின்னர் அறுக்க வேண்டிய இடத்தின் இருபுறமும் தடித்த செப்புக் கம்பி ஒன்றை இணைத்தார். நிலத்தடி உருக்குக் குழாய்களில் துருவைத் தடுக்கச் சிறு மின்னோட்டம் விடுவதுண்டு. அன்றித் திசைமாறிவந்த மின்னும் ஓடும். குழாய் பிரியும் கணத்தில் அம்மின் பொறியாகப் பாயாது கம்பி வழியே சென்றுவிடும்.

அடுத்து, நைதரசனைச் செலுத்தி எஞ்சிய வாயுவைத் துரத்தினோம். நைதரசன் எரியாது, எரிவதற்கும் உதவாது. போதிய அளவு செலுத்தினோம் என்று கணக்கிட்ட பின், நாம் எம் கையிலிருந்த வாயுவுணர் கருவியை எடுத்துச் சென்று சோதித்தோம். குழாயின் மேற்புறத்தில், முன்னொரு காலத்தில் ஏதோ ஓர் அடுப்புக்குச் சென்று இப்போது மூடிவிடப்பட்ட கிளைக்குழாய் ஒன்று, ஒரு முழம் அளவில் மேல்நோக்கி நின்றது. அதன் சிறு அடைப்பைக் கழற்றிக் கருவியின் மூக்கை உள்ளே விட்டோம். முள் பூச்சியத்திலிருந்து அசையவில்லை. மூக்குக்கும் மணம் எதுவும் எட்டவில்லை. முகாமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாம் அனுமதிச்சீட்டிற் கையொப்பமிட்டு, "அறுக்கலாம்" என்றோம்.

பிற்றர் சுவாலையைப் பற்றவைக்கவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார், எம் கருவியைப் பார்த்தார், எம் பெயரைச் சொல்லி அழைத்து, "இப்போது அக்குழாய்க்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, நைதரசன் மட்டும்" என்றோம்.

"உம்முடைய கருவி எவ்விதம் அறிகிறது?"

இக்கேள்விக்கு விடை எமக்கு நன்கு தெரியும், பரீட்சையில் எழுதியுமிருக்கிறோம். அக்கருவிக்குள் சூடேறிய சிறு மணி ஒன்று உண்டு. வாயு அதன்மேல் எரியும்போது சூடு கூடும். கூடிய சூட்டைக் கருவி அளவாகக் காட்டும். அதாவது அக்கருவி எரித்துப் பார்த்தே அறிகிறது. விடையைச் சொல்ல வாயெடுத்தபோதே நா வறண்டது. ஒட்சிசனை முழுதும் துரத்திவிட்ட குழாய்க்குள் அது எதைக்கொண்டு எரிக்கும்? அவ்விடத்தில் வாயு எவ்வளவு நிறைந்திருந்தாலும் முள் பூச்சியத்திலேயே நிற்கும். கருவி பொய் சொல்லவில்லை. அது விடை சொல்லவியலாத கேள்வியை நாம் அதனிடம் கேட்டிருந்தோம்.

பிற்றர் தம் வண்டிக்குச் சென்று வேறொரு கருவியை எடுத்து வந்தார். அது எரித்துப் பார்ப்பதன்று; வாயு வெப்பத்தைக் கடத்தும் திறனைக்கொண்டு அதன் பங்கை அளப்பது. மூக்கை அதே துளையில் விட்டார். நூற்றுக்கு 40.

நைதரசனினும் மெதேன் இலேசானது. கீழ்க்குழாயின் வழியே நைதரசன் விரைந்து போய்விட்டது. வழியில்லாத மேற்கிளையிலிருந்த வாயு அசையாமல் இருந்தவிடத்தே இருந்துவிட்டது. குழாயை அறுத்த மாத்திரத்திற் காற்று உட்புகுந்து, அந்த நாற்பது பங்கு ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையே இறங்கும். அவ்வேளை சுவாலை ஆங்கே இருக்கும். சுவாலையின் பின்னால் அம்மனிதர் இருப்பார். ஐந்து முழத் தூரத்தில் கம்பி பிடித்துக்கொண்டு அவ்வுதவியாளச் சிறுவன் இருப்பான். சீட்டில் எம் கையொப்பம் இருக்கும்.

பனியிலே நின்றுகொண்டிருந்த எமக்கு அப்போது தோன்றியது நம் கல்லூரி இரசாயன ஆய்கூடம். 1968ஆம் ஆண்டென்று நினைவு. ஐதரசன் செய்யும் பாடம். நாகத்தின்மேல் ஐதான அமிலம் விட்டு, எழும் வாயுவை நுனிகூரிய குழாய் வழியாக விட்டுக் கொளுத்திக் காட்டுவது வழக்கம். மேசையைச் சுற்றி நெருங்கி நின்ற எம்மில் மதுசாரவிளக்கு இருந்தது எம் கையில். குமிழிகள் எழக் கண்டவுடன் விளக்கைக் குழாய் நுனிக்குக் கொண்டு போனோம். ஆசிரியர் எம் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, பொறும். இப்ப குழாய்க்குள்ள என்ன இருக்குது?"

"ஒண்டுமில்லை, சேர். ஐதரசன் மட்டும்தான்."

"ஒண்டுமில்லை எண்ட பொருளை நான் இன்னும் காணேல்லை. நீர் கண்டா எனக்கும் காட்டும்."

வகுப்பு சிரித்தது. அவர் சிறு சோதனைக் குழாயொன்றைக் கவிழ்த்து அவ்வாயுவைப் பிடித்து, அப்பாற் கொண்டுபோய் விளக்கிற் காட்டினார். நாய் குரைத்ததுபோல் ஒரு சத்தம். காற்று இன்னும் கலந்திருந்தது. மீண்டும் பிடித்தார், மீண்டும் குரைத்தது. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ சத்தமின்றி அமைதியாக எரிந்தது. அதன் பின்னரே விளக்கை எம்மிடம் தந்து, "இப்ப கொளுத்தும்" என்றார். அச்சோதனையைப் பொறிப்பிலே எழுதினோம், படம் வரைந்தோம், புள்ளியும் பெற்றோம். இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் அதே கேள்விக்கு அதே விடையைச் சொன்னோம்.

அன்று நாம் சீட்டைக் கிழித்துவிட்டு மறுசீட்டு எழுதினோம். முகாமையாளர் எம்முடன் சற்றுக் கடுமையாகவே பேசினார். அவர்க்கு அது இரண்டு மணித்தியாலத் தாமதமாக மட்டுமே தோன்றியிருக்கும். கிளைக்குழாயின் தலைப்பிலிருந்தே நைதரசனைச் செலுத்திக் கீழ்நோக்கித் துரத்தினோம். பிற்றரின் கருவி இரண்டு இடங்களிலும் பூச்சியத்தைக் காட்டிய பின் குழாய் அறுபட்டது. உதவாத அக்கிளையையும் அவர் கேளாமலே வெட்டி எறிந்துவிட்டார். நைதரசனும் நல்லவன் அல்லன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அடைத்த அறையில் அது நிறைந்தால், மூச்சுத் திணறுகிறதென்று உணருமுன்னரே ஆள் விழுந்துவிடுவான். ஆகவே அதையும் வாயுவைப் போலவே வெளியே கொண்டுபோய் விட வேண்டும்.

எஞ்சிய வேலைகள் பொறுமைக்குரியன. ஒட்டிய குழாயின் பிளாஞ்சும் மானியின் பிளாஞ்சும் நேர்பட நில்லாவிடின் போல்ட்டை முடுக்கி இழுத்துவிடலாமென்று மனம் சொல்லும். இழுத்தால் மானியின் பெட்டி கண்ணுக்குத் தெரியாமற் கோணும். தலைமயிரளவு வெளி ஒருபுறம் இல்லாமற்போகும். எம் குழாய் ஓரங்குலத்தில் எட்டிலொரு பங்கு விலகி நின்றது. பிற்றர் அதை மீண்டும் அறுத்து ஒட்டினார். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். மானியின்மேல் நீர்மட்டம் வைத்து, ஓரடிக்கு ஓரங்குலத்தின் பதினாறிலொரு பங்குக்குமேற் சாயாதவாறு பார்த்தோம். எண்ணெயை அதற்குப் பின்னரே ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் மானியைத் தூக்கிச் சாய்த்தால் எண்ணெய் சுழலிகளுக்குள் இறங்கும். மானியின் எண்பெட்டியில் இருந்த ஈய முத்திரையை ஒருவரும் தொடவில்லை. அது அளவைச் சட்டத்தின் முத்திரை, அதை உடைப்பவன் கள்ள நிறை நிறுப்பவனுக்கு ஒப்பாவான்.

பின்னர் நைதரசனால் அமுக்கிச் சவர்க்கார நீர் பூசிப் பார்த்தோம். அக்குளிரில் வெறும் சவர்க்கார நீர் உறைந்துவிடுமாதலின் உறையாத திரவம் கலந்தது. ஒரு மூட்டில் மட்டும் கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பூத்தது, அதைத் திருத்தினோம். அதன் பின் மூவரும் தத்தம் பூட்டைக் கழற்ற, தகடு வெளியே வந்தது. வாயு உள்ளே வந்தது. இதிலும் அவசரம் ஆகாது. சதுர அங்குலத்துக்கு ஐந்து இறாத்தலுக்கு மேல் ஒரு செக்கனில் அமுக்கம் ஏறலாகாது என்பது இவ்வகை மானியின் விதி. வால்வைச் சடுதியில் திறந்தால் சுழலிகள் பேய் பிடித்தாற்போற் சுழன்று பற்சில்லுகளை உடைத்துக்கொள்ளும். பிற்றர் வால்வை ஒரு விரற்கடை அளவு திறந்து, மானியிற் காதை வைத்துக்கொண்டு நின்றார். வெளியேறும் முனையில் அவருடைய கருவி முழு வாயுவென்று காட்டும்வரை எந்த அடுப்பும் ஏற்றப்படவில்லை.

அன்று எமக்கு மணம் எட்டாத காரணத்தை நாம் பின்னர் அறிந்தோம். மனித மூக்கு சற்று நேரத்தில் சலித்துவிடும். புதிய உருக்குக் குழாய் மணப்பொருளைத் தானே உறிஞ்சியும் விடும். மூக்கை நம்புவோர் இன்னும் இருக்கின்றனர். 2009ஆம் ஆண்டு யூன் 9ஆந் தேதி வட கரோலைனா மாநிலத்துக் கார்னர் என்னும் ஊரில், உணவுத் தொழிற்சாலை ஒன்றிற் புதிய நீர்கொதிகலனுக்கு வாயு கொண்டுவந்தபோது, குழாயிலிருந்த காற்றைக் கட்டடத்துக்கு உள்ளேயே வெளியேற்றினர். வாயுவும் உடன் வந்து நிறைந்து வெடித்தது, நால்வர் இறந்தனர். எட்டு மாதத்துள், 2010ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் தேதி, கனெற்றிக்கட் மாநிலத்து மிடில்ரவுன் நகரில், கட்டி முடியுந் தறுவாயிலிருந்த மின்னிலையத்தின் குழாய்களிலுள்ள குப்பையை இயற்கை வாயுவாலேயே ஊதித் தள்ளினர். அறுவர் இறந்தனர். காற்றாலோ நைதரசனாலோ ஊதியிருக்கக் கூடிய குழாய்கள். அச்செய்திகளைப் படித்த இரு நாளும் எமக்கு உறக்கம் வரவில்லை.

அந்த ஐப்பசி மாதமே நம் ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினோம். யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகச் செல்லாத காலம் அது. கடிதம் போய்ச் சேருமென்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. மறு ஆண்டு மாசியில் விடை வந்தது. கொப்பித் தாளின் பாதியில், அவருடைய சாய்ந்த எழுத்தில், சுகம் கேட்டு இரண்டு வரி, ஆய்கூடத்தில் மதுசாரம் கிடைப்பதில்லை என்று ஒரு வரி, கீழே ஒரு கேள்வி: "இரண்டாவது கருவி சரியாகக் காட்டியது என்று நீர் எப்படி அறிந்தீர்?"

நாம் அறிந்திருக்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. மறுநாளே பிற்றரைத் தேடிச் சென்று கேட்டோம். அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து, கையடக்கமான உருளை ஒன்றை எடுத்துக் காட்டினார். மெதேனின் பங்கு இவ்வளவென்று அளந்து அடைத்த வாயு அதில் இருந்தது. நாள்தோறும் காலையில் வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதைக் கருவிக்குக் காட்டி, கருவி சொன்ன எண்ணைப் பென்சிலால் ஒரு சிறு புத்தகத்தில் எழுதிவைப்பாராம். பக்கங்களைப் புரட்டி அந்த ஐப்பசி நாளின் வரியை எமக்குக் காட்டினார். அவ்வரியை அப்படியே பெயர்த்தெழுதி ஆசிரியருக்கு அனுப்பினோம்.